டெயில்விண்ட் 3-இலிருந்து 4-க்கு: காம்பொனென்ட் லைப்ரரி வைத்திருப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

டெயில்விண்ட் சிஎஸ்எஸ் என்பது சிறு சிறு கிளாஸ் பெயர்களை எழுதியே பக்கத்துக்குத் தோற்றம் கொடுக்கும் ஃப்ரேம்வொர்க். எங்கள் டீம் பராமரிக்கும் யூஐ லைப்ரரியை, அதாவது மற்ற டீம்கள் எடுத்துப் பயன்படுத்தும் பட்டன், கார்டு போன்ற காம்பொனென்ட்களின் தொகுப்பை, அதன் 3.4-இலிருந்து 4-க்கு ஏற்றி முடித்தோம். பாதி ரியாக்ட் காம்பொனென்ட், மீதி ஷேடோ டாம் (வெளிப் பக்கத்தின் சிஎஸ்எஸ் விதிகள் நுழையாத தனி அறை) வைத்த அசல் வெப் காம்பொனென்ட். அன்றிலிருந்து மற்ற டீம்கள் கேட்பது கிட்டத்தட்ட ஒரே கேள்விகள்தான் என்பதால் பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். கிளாஸ் பெயர், கட்டளைப் பெயர் எல்லாவற்றையும் தமிழ் எழுத்திலேயே எழுதியிருக்கிறேன், எடிட்டரில் அடிக்கும்போது வழக்கம்போல ஆங்கில எழுத்தில் அடித்துக்கொள்ளுங்கள்.

அப்ளிகேஷனை ஏற்றுவதும் லைப்ரரியை ஏற்றுவதும் ஒன்றுதானே?

இல்லை. சொந்த வீட்டில் தண்ணீர் பைப் மாற்றுவதும் அடுக்குமாடிக் குடியிருப்பில் மாற்றுவதும் எப்படி வேறோ அப்படித்தான். அப்ளிகேஷனில் எது உடைந்தாலும் உங்கள் கண் முன்னால் உடையும், நீங்களே சரிசெய்யலாம். லைப்ரரியில் உடைவது இன்னொருவர் பக்கத்தில், அவருடைய ரீசெட் சிஎஸ்எஸ்ஸோடு (பிரவுசரின் இயல்புத் தோற்றத்தை அழிக்கும் விதிகள்), அவர் ஓவர்ரைடு செய்து வைத்த நிறங்களோடு சேர்ந்து உடையும். எங்கள் நேரத்தில் கிளாஸ் பெயர் மாற்றத்துக்குப் போனது கொஞ்சம்தான். மிச்சமெல்லாம் லைப்ரரியும் அதைப் பயன்படுத்தும் பக்கமும் தொட்டுக்கொள்ளும் இடத்தில் போனது. கீழே உள்ள பதில்களில் நீளமானவை எல்லாம் அந்த இடத்தைப் பற்றியவைதான்.

4-இல் அப்படி என்னதான் மாறியது?

22 ஜனவரி 2025 அன்று 4.0 வெளிவந்தது. எஞ்சினின் கனமான பகுதிகளை ரஸ்ட்டில் திரும்ப எழுதியிருக்கிறார்கள், சிஎஸ்எஸ்ஸைப் பதப்படுத்தும் லைட்னிங் சிஎஸ்எஸ் என்ற டூலை உள்ளேயே சேர்த்துவிட்டார்கள். அதனால் ஆட்டோபிரிஃபிக்சர், போஸ்ட்சிஎஸ்எஸ்-இம்போர்ட் இரண்டையும் கான்ஃபிக்கிலிருந்து தூக்கிவிடலாம். போஸ்ட்சிஎஸ்எஸ் ப்ளகின், கமாண்ட் லைன் டூல் இரண்டும் தனித்தனி பேக்கேஜ் ஆகிவிட்டன, ‘வீட்’ என்ற பில்ட் டூலுக்கென்று புதிதாக ஒரு ப்ளகினும் வந்திருக்கிறது. வீட் பயன்படுத்துபவர்கள் அதையே போடுங்கள், போஸ்ட்சிஎஸ்எஸ் வழியாகச் சுற்றி வர வேண்டாம்.

டெயில்விண்ட் குழுவே வெளியிட்ட அளவீட்டில் முழு பில்ட் 378 மில்லிசெகண்டிலிருந்து 100-க்கு இறங்கியது. நல்லதுதான். ஆனால் லைப்ரரி வைத்திருப்பவருக்கு வேகம் பெரிய விஷயமில்லை. ஜாவாஸ்கிரிப்ட் கான்ஃபிக் போய் எல்லாம் சிஎஸ்எஸ்ஸுக்குள் வந்தது, @லேயர் என்பது பிரவுசரின் அசல் லேயர் (எந்த விதித் தொகுப்பு எதை வெல்லும் என்று வரிசைப்படுத்தும் வசதி) ஆனது, உள் வேரியபிள்கள் @பிராப்பர்ட்டி மூலம் பதிவாக ஆரம்பித்தது, இந்த மூன்றும்தான் நம்மைப் பாதிக்கும்.

இப்போதே ஏற வேண்டுமா, கொஞ்சம் பொறுக்கலாமா?

உங்கள் பயனர்கள் எந்த பிரவுசரில் இருக்கிறார்கள் என்று முதலில் பாருங்கள். 4-க்குக் குறைந்தபட்சம் சஃபாரி 16.4, குரோம் 111, ஃபயர்ஃபாக்ஸ் 128 வேண்டும். முதல் இரண்டும் 2023 மார்ச்சில் வந்தவை, ஃபயர்ஃபாக்ஸ் 128 வந்தது 2024 ஜூலையில். கம்ப்யூட்டரில் குரோம் தானாக அப்டேட் ஆகிவிடும். சிக்கல் ஆப்பிள் பக்கம். ஐபோன் 7, ஐபேட் ஏர் 2 போன்றவை 15-ஆம் ஐஓஎஸ்ஸோடு நின்றுவிட்டன. அவற்றில் குரோம் ஐகானைத் தொட்டாலும் உள்ளே ஓடுவது ஆப்பிளின் வெப்கிட்தான், அதுவும் பழைய வெப்கிட். கடை கவுன்டரிலும் ஆஸ்பத்திரி வரவேற்பிலும் இன்னும் அப்படிப்பட்ட ஐபேட்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன.

2025 ஏப்ரலில் வந்த 4.1 பழைய பிரவுசர்களில் பக்கம் ஓரளவு பார்க்கும்படி இருக்க மாற்று ஏற்பாடுகள் சேர்த்தது. அது ஒட்டுப்போட்ட குடை, நம்பி மழையில் இறங்காதீர்கள். பழைய சாதனங்கள் முக்கியம் என்றால் 3.4-இலேயே இருங்கள், டெயில்விண்ட் குழுவும் அதையேதான் சொல்கிறது.

அப்கிரேடு டூலை ஓட்டினால் வேலை முடிந்துவிடாதா?

ஓட்டுங்கள், அருமையான டூல். நோட் 20 அல்லது அதற்கு மேல் வேண்டும், கிட்டில் கமிட் ஆகாத மாற்றம் ஏதும் இருக்கக்கூடாது, தனி பிராஞ்ச் போட்டுக்கொள்ளுங்கள். பேக்கேஜ்களை மாற்றும், கான்ஃபிக்கை முடிந்தவரை சிஎஸ்எஸ் ஆக்கும், டெம்ப்ளேட்டில் உள்ள கிளாஸ்களைப் புதுப் பெயருக்கு மாற்றும். கான்ஃபிக் ரொம்பச் சிக்கலாக இருந்தால் அதை அப்படியே விட்டுவிட்டு @கான்ஃபிக் என்ற ஒரு வரியில் இணைத்துவிடும்.

டூலுக்குத் தெரியாதது இரண்டு. ஒன்று, ஜாவாஸ்கிரிப்ட்டில் துண்டு துண்டாக ஒட்டி உருவாக்கும் கிளாஸ் பெயர். இதை 3-ஆம் வெர்ஷனே கண்டுபிடிக்காது, சேஃப்லிஸ்ட் (கட்டாயம் உருவாக்க வேண்டிய கிளாஸ்களின் பட்டியல்) போட்டு ஓட்டியிருப்பீர்கள். 4-இல் ஜேஎஸ் கான்ஃபிக்கின் சேஃப்லிஸ்ட் கிடையாது, 4.1-இல் வந்த @சோர்ஸ் இன்லைனைத்தான் பயன்படுத்த வேண்டும். இரண்டாவது, கிளாஸ் பெயர் போலவே தோற்றமளிக்கும் சாதாரணச் சொற்கள். ‘ப்ளர்’ என்பது ஃபோகஸ் போகும்போது வரும் ஈவென்டின் பெயரும்கூட. ‘அவுட்லைன்’ என்பது பல லைப்ரரிகளில் பட்டன் வகையின் பெயர். டூல் கவனமாகத்தான் பார்க்கிறது என்றாலும் டிஃப்பில் இந்த இரண்டு சொற்களையும் தேடிப் பார்த்துவிட்டு மெர்ஜ் செய்யுங்கள்.

டூல் வேண்டாம், நானே ஃபைண்ட்-ரீப்ளேஸ் போட்டுக்கொள்கிறேனே?

சரி, ஆனால் வரிசை முக்கியம். பழைய ‘ஷேடோ-எஸ்எம்’ இப்போது ‘ஷேடோ-எக்ஸ்எஸ்’, பழைய வெறும் ‘ஷேடோ’ இப்போது ‘ஷேடோ-எஸ்எம்’. ‘ரவுண்டட்’, ‘ப்ளர்’, ‘டிராப்-ஷேடோ’வுக்கும் இதே கதை. முதலில் எஸ்எம்மை எக்ஸ்எஸ் ஆக்கிவிட்டு, அதற்குப் பிறகுதான் வெறும் பெயரை எஸ்எம் ஆக்க வேண்டும். தலைகீழாகச் செய்தால் எல்லாமே எக்ஸ்எஸ் ஆகிவிடும், பிரிக்கவே முடியாது. ஒருமுறை செய்ததை மறதியாக மறுபடி செய்தாலும் அதே கதிதான்.

எலிமென்டைச் சுற்றி வளையம் போடும் ‘ரிங்’ இப்போது ‘ரிங்-3’. ‘அவுட்லைன்-நன்’ இப்போது ‘அவுட்லைன்-ஹிட்டன்’. இதில் ஒரு நுணுக்கம். ‘அவுட்லைன்-நன்’ என்ற பெயர் 4-இலும் இருக்கிறது, ஆனால் இப்போது அது அவுட்லைனை உண்மையிலேயே எடுத்துவிடும். பழையது கண்ணுக்குத் தெரியாமல் மறைத்தாலும் விண்டோஸின் ஹை கான்ட்ராஸ்ட் நிலையில் ஃபோகஸ் கோட்டைக் காட்டியது. மாற்றாமல் விட்டால் பார்வைக் குறைபாடு உள்ளவர்கள் கீபோர்டில் எங்கே நிற்கிறோம் என்று தெரியாமல் தவிப்பார்கள். டெஸ்ட் எதுவும் இதைப் பிடிக்காது.

கிளாஸ் பெயரெல்லாம் சரியாக இருக்கிறது, ஆனாலும் தோற்றம் மாறிவிட்டதே?

இயல்பு மதிப்புகள் மாறியிருக்கின்றன. பார்டருக்கு நிறம் சொல்லாவிட்டால் முன்பு வெளிர் சாம்பல் வரும், இப்போது எழுத்தின் நிறமே வரும், அதாவது கார்டுகளைச் சுற்றித் திடீரென்று கறுப்புக் கோடு. ரிங் 3 பிக்சல் நீலத்திலிருந்து 1 பிக்சல் எழுத்து நிறத்துக்கு வந்துவிட்டது. பிளேஸ்ஹோல்டர் எழுத்து முன்பு தனிச் சாம்பல், இப்போது எழுத்து நிறத்தின் பாதி அடர்த்தி. பட்டன் மீது மவுஸ் கொண்டுபோனால் கை வடிவம் வராது, அம்புக்குறியே இருக்கும். எங்களுக்கு வந்த முதல் புகார் இந்தக் கை வடிவம்தான், அதுவும் மூன்று டீம்களிடமிருந்து.

ஹோவர் இன்னொன்று. மவுஸ் உள்ள சாதனத்தில் மட்டும்தான் இனி ஹோவர் கிளாஸ்கள் வேலை செய்யும். நல்ல முடிவு என்றே நினைக்கிறேன், ஆனால் யாராவது ஹோவரில் மெனுவைத் திறந்து, போனில் தட்டினால் அதுவே திறக்கிறது என்று நம்பிக்கொண்டிருந்தால் அந்த மெனு போனில் இனித் திறக்காது.

பார்டருக்கு டூலே ஒரு துண்டு சிஎஸ்எஸ் சேர்த்துப் பழைய சாம்பலைத் திரும்பக் கொடுக்கும். அப்ளிகேஷனில் அது போதும். லைப்ரரியில் அதை வைக்காதீர்கள். பக்கத்தில் உள்ள எல்லா எலிமென்டையும் தொடும் விதி அது, உங்கள் லைப்ரரி அடுத்தவர் வீட்டுச் சுவருக்கு வண்ணம் அடிக்கக்கூடாது. ஒவ்வொரு காம்பொனென்டிலும் பார்டர் நிறத்தை வெளிப்படையாக எழுதுங்கள். அலுப்பான வேலைதான்.

ஸ்கிரீன்ஷாட் டெஸ்ட் மொத்தமும் சிவப்பாகிவிட்டது. எப்படிப் பிரித்துப் பார்ப்பது?

இயல்பு நிறங்கள் எல்லாம் ஓகேஎல்சிஎச் என்ற நிறக் குறியீட்டு முறைக்கு மாறியதால் பிக்சல் பிக்சலாக ஒப்பிடும் எந்த டெஸ்டும் தோற்கும். கிரேடியன்ட்டுகளும் இப்போது ஓகேலேப் முறையில் கலக்கின்றன, நடுப்பகுதி நிறம் வேறாக வரும். இந்தச் சத்தத்தில் உண்மையான உடைசல் காணாமல் போய்விடும்.

நாங்கள் செய்தது: முதல் கமிட்டில் பழைய 3-ஆம் வெர்ஷன் ஹெக்ஸ் நிறங்களை @தீம் பகுதியில் அப்படியே எழுதி வைத்தோம். சிவப்பு வெகுவாகக் குறைந்தது, மிச்சமிருந்தவை கவனிக்க வேண்டியவை. அவற்றை முடித்த பிறகு கடைசி கமிட்டில் புது நிறங்களுக்குப் போய், டிசைனரைப் பக்கத்தில் உட்கார வைத்து ஒரே மூச்சில் பேஸ்லைனை மாற்றினோம். இரண்டையும் ஒன்றாகச் செய்திருந்தால் இன்னும் பார்த்துக்கொண்டிருப்போம்.

எங்கள் லைப்ரரி ஜேஎஸ் பிரிசெட் (மற்றவர்களோடு பகிரும் கான்ஃபிக்) ஒன்றைக் கொடுத்தது. இனி என்ன கொடுப்பது?

ஒரு சிஎஸ்எஸ் ஃபைல். அதில் @தீம் பகுதி, உங்கள் @யூட்டிலிட்டி, @கஸ்டம்-வேரியன்ட் எல்லாம் இருக்கும், பயன்படுத்துபவர் டெயில்விண்டை இம்போர்ட் செய்த வரிக்குக் கீழே இதையும் இம்போர்ட் செய்வார், அவ்வளவுதான். பழைய பிரிசெட்டை @கான்ஃபிக் மூலம் இன்னும் ஓட்டலாம், ஆனால் அது இடைக்காலத்துக்கு மட்டும். கோர் ப்ளகின்களை அணைப்பது, செப்பரேட்டர் மாற்றுவது போன்றவை அதிலும் வேலை செய்யாது.

சார்ட் வரைய நிறங்களை ஜாவாஸ்கிரிப்ட்டில் எடுக்க ரிசால்வ்-கான்ஃபிக் பயன்படுத்தியவர்கள் கவனிக்க வேண்டும், அது இப்போது இல்லை. நிறங்கள் சிஎஸ்எஸ் வேரியபிளாகவே பக்கத்தில் இருப்பதால் கம்ப்யூட்டட் ஸ்டைலிலிருந்து படித்துக்கொள்ளலாம்.

தீம் நிறத்தை ஓவர்ரைடு செய்தால் பக்கத்தின் ஒரு பகுதியில் மட்டும் மாறவில்லை. ஏன்?

இதில் நான் ஒரு முழு மதியத்தைத் தொலைத்தேன். உங்கள் தீமில் ‘கலர்-பிரைமரி’ என்பது ‘பிராண்ட்-பிரைமரி’ வேரியபிளைப் பார்க்கும்படி எழுதியிருக்கிறீர்கள். யாரோ ஒருவர் ஒரு டிவ்வுக்குள் மட்டும் ‘பிராண்ட்-பிரைமரி’யைப் பச்சையாக மாற்றுகிறார். உள்ளே இருக்கும் பட்டன் பச்சையாக மாற வேண்டும், மாறவில்லை.

காரணம் இது. @தீம் தன் வேரியபிள்களைப் பக்கத்தின் வேரில் எழுதுகிறது. அங்கேயே ‘பிராண்ட்-பிரைமரி’யின் அப்போதைய மதிப்பைப் படித்து ‘கலர்-பிரைமரி’ முடிவாகிவிடுகிறது, கீழே இறங்கும் எலிமென்டுகளுக்குப் போவது அந்த முடிவான நிறம்தான். நடுவில் ஒருவர் மூல வேரியபிளை மாற்றினாலும் முடிந்துபோன கணக்கு திரும்பப் போடப்படாது. @தீம் என்பதற்குப் பக்கத்தில் ‘இன்லைன்’ என்று ஒரு சொல் சேர்த்தால் யூட்டிலிட்டி கிளாஸே நேராக ‘பிராண்ட்-பிரைமரி’யைப் படிக்கும், பட்டன் நிற்கும் இடத்து மதிப்பு கிடைக்கும். லைப்ரரிக்குத் தீம் என்றால், மற்றொரு வேரியபிளைச் சுட்டும் எல்லாவற்றையும் இன்லைனில் போடுங்கள். விதிவிலக்கு எனக்கு இதுவரை எதிர்ப்படவில்லை.

லைப்ரரியின் பட்டனுக்குப் பேடிங்கே இல்லை. டெமோ பக்கத்தில் சரியாக இருந்ததே?

பயன்படுத்துபவரின் பக்கத்தில் பழைய ரீசெட் ஒன்று இருக்கும், எல்லா எலிமென்டுக்கும் மார்ஜினும் பேடிங்கும் பூஜ்யம் என்று. 3-ஆம் வெர்ஷனில் @லேயர் என்பது டெயில்விண்டின் சொந்தக் குறியீடு, பில்ட் முடிந்ததும் காணாமல் போய்விடும். அதனால் உங்கள் கிளாஸ் அந்த நட்சத்திர விதியை (* போட்டு எல்லா எலிமென்டையும் தொடும் விதி) ஸ்பெசிஃபிசிட்டியில், அதாவது விதியின் பலத்தில், சுலபமாக வென்றது. 4-இல் அது பிரவுசரின் அசல் லேயர். லேயருக்குள் இருக்கும் விதி எவ்வளவு பலமானதாக இருந்தாலும், லேயரே இல்லாத விதியிடம் தோற்கும். ஒரு ஓட்டை நட்சத்திர விதி உங்கள் லைப்ரரி முழுவதையும் சாய்த்துவிடும்.

முறையான வழி, பயன்படுத்துபவர் தன் ரீசெட்டை ஒரு லேயருக்குள் வைத்து அந்த லேயரை வரிசையில் முதலாவதாக அறிவிப்பது. ஆனால் பத்து வருடப் பழைய சிஎஸ்எஸ்ஸைத் தொட எந்த டீமும் சம்மதிக்காது, கேட்டுப் பார்த்துவிட்டோம். அப்படிப்பட்டவர்களுக்காக லேயர் இல்லாத ஒரு பில்டும் கொடுக்கிறோம். மொத்த டெயில்விண்டை இம்போர்ட் செய்வதற்குப் பதில் தீம், யூட்டிலிட்டி ஃபைல்களைத் தனித்தனியாக இம்போர்ட் செய்து, யூட்டிலிட்டிக்கு லேயர் பெயர் கொடுக்காமல் விட்டால் போதும். எல்லாவற்றுக்கும் இம்பார்ட்டன்ட் போடும் வசதி இருக்கிறது, அதைத் தொடாதீர்கள், அடுத்த வருடம் அதைக் கழற்றப்போவது நீங்கள்தான்.

டெயில்விண்டின் சொந்த ரீசெட்டான பிரிஃப்ளைட்டை லைப்ரரி பில்டில் சேர்க்கவே வேண்டாம். சொல்லத் தேவையில்லை என்று நினைத்தேன், ஆனால் எங்கள் பழைய பில்டிலேயே அது இருந்தது.

ஷேடோ டாமுக்குள் பார்டரும் ஷேடோவும் காணோம். மற்றதெல்லாம் வருகிறது. என்ன நடக்கிறது?

வெப் காம்பொனென்ட் வைத்திருப்பவர்களுக்கு இதுதான் பெரிய அடி. பழைய டெயில்விண்ட் தன் உள் வேரியபிள்களுக்கான தொடக்க மதிப்புகளை ஒரு நட்சத்திர விதியில் எழுதும், அது ஷேடோ ரூட்டுக்குள்ளும் (ஷேடோ டாமின் உச்சி) வேலை செய்தது. 4 அவற்றை @பிராப்பர்ட்டி மூலம் பதிவு செய்கிறது. ஷேடோ ரூட்டுக்குள் இருக்கும் ஸ்டைல்ஷீட்டில் @பிராப்பர்ட்டி எழுதினால் பிரவுசர் கண்டுகொள்ளாது. பிழைச் செய்தியும் வராது.

விளைவு என்ன? ‘பார்டர்’ கிளாஸ் பார்டரின் ஸ்டைலை ஒரு உள் வேரியபிளிலிருந்து எடுக்கிறது. அந்த வேரியபிள் பதிவாகவில்லை, மதிப்பில்லை, எனவே ஸ்டைல் ‘நன்’ ஆகிப் பார்டர் மறைகிறது. ஷேடோவில் ஐந்து வேரியபிள்களைச் சேர்த்துத்தான் ஒரு பாக்ஸ்-ஷேடோ உருவாகிறது, ஐந்தில் ஒன்று இல்லாவிட்டாலும் முழு வரியும் செல்லாது. பேடிங், நிறம், ஃப்ளெக்ஸ் எதற்கும் இந்தப் பிரச்சினை இல்லாததால் பார்ப்பவருக்குப் பாதி வேலை செய்வதுபோல் தெரியும், சரியான தலைவலி. 4.1-இன் மாற்று ஏற்பாடு காப்பாற்றும் என்று நினைக்காதீர்கள், அது பழைய பிரவுசர் என்று கண்டால்தான் இயங்கும், புதிய குரோமில் வாயே திறக்காது.

தீர்வு, அந்த @பிராப்பர்ட்டி விதிகளை ஷேடோ ரூட்டுக்கு வெளியே, டாக்குமென்டில் வைப்பது. பில்ட் முடிவில் ஒரு சின்ன ஸ்கிரிப்ட் அவற்றை மட்டும் பிரித்துத் தனி ஃபைலாக்குகிறது. லைப்ரரி முதல்முறை லோடாகும்போது அதை டாக்குமென்டின் அடாப்டட் ஸ்டைல்ஷீட் பட்டியலில் ஒருமுறை சேர்க்கிறோம். டாக்குமென்டில் பதிவானது எல்லா ஷேடோ ரூட்டுக்கும் செல்லும். ஜாவாஸ்கிரிப்ட்டின் ரெஜிஸ்டர்-பிராப்பர்ட்டி மூலமும் செய்யலாம், ஆனால் ஒரே பெயரை இரண்டாவது முறை பதிவு செய்தால் அது எரர் வீசும். ஒரே பக்கத்தில் உங்கள் லைப்ரரியின் இரண்டு காப்பி இருப்பது நீங்கள் நினைப்பதைவிடச் சகஜம்.

அப்படியே இன்னொன்று. ஒவ்வொரு காம்பொனென்டும் தன் தன் ஸ்டைல் டேக்கை உருவாக்காமல், ஒரே ஸ்டைல்ஷீட் ஆப்ஜெக்டை எல்லா ஷேடோ ரூட்டும் பகிர்ந்துகொள்ளட்டும். டேபிளில் ஐந்நூறு வரிசை, வரிசைக்கு இரண்டு பட்டன் என்று வரும்போது வித்தியாசம் தெரியும்.

வெளியே தீம் நிறத்தை மாற்றினேன். சாதாரண காம்பொனென்ட் மாறியது, ஷேடோ டாம் காம்பொனென்ட் மாறவில்லையே? வேரியபிள் ஷேடோவுக்குள் இறங்கும் என்றார்களே?

இறங்கும், ஆனால் வாசலிலேயே உங்கள் ஸ்டைல்ஷீட் அதை மறுபடி எழுதிவிடுகிறது. 4 தீம் வேரியபிள்களை ‘ரூட்’, ‘ஹோஸ்ட்’ என்று இரண்டு இடத்துக்கும் சேர்த்து எழுதுகிறது. ஷேடோவுக்குள்ளும் வேலை செய்யட்டும் என்ற நல்ல எண்ணம்தான். ஆனால் ஷேடோவுக்குள் இருக்கும் ஸ்டைல்ஷீட்டில் ‘ஹோஸ்ட்’ என்றால் அந்தக் காம்பொனென்ட். எனவே பக்கத்தின் வேரிலிருந்து பச்சை இறங்கி வந்தாலும், காம்பொனென்டின் மேலேயே மறுபடி நீலம் எழுதப்படுகிறது, பரம்பரையாக வந்ததை நேரடியாக எழுதியது வெல்கிறது.

இங்கேயும் இன்லைன் தீம்தான் கை கொடுக்கும். வெளியார் மாற்றக்கூடிய எல்லா நிறத்துக்கும் லைப்ரரியின் சொந்த முன்னொட்டோடு ஒரு வேரியபிள் பெயர் வைத்து, தீமில் அதைச் சுட்டி, இயல்பு நிறத்தை ஃபால்பேக்காக, வேரியபிளைப் படிக்கும் ‘வர்’ என்ற சிஎஸ்எஸ் ஃபங்ஷனுக்குள்ளேயே எழுதுங்கள். அந்த வேரியபிளை லைப்ரரி எங்கேயும் எழுதக்கூடாது, படிக்க மட்டும் வேண்டும்.

டார்க் மோட்?

கிளாஸ் வழியாக மாற்றுபவர்கள் @கஸ்டம்-வேரியன்ட் எழுத வேண்டும், பழைய டார்க்மோட் கான்ஃபிக் வரிக்குப் பதில். ஷேடோ டாமுக்குள் அது வேலை செய்யாது, எச்டிஎம்எல் டேக்கில் உள்ள ‘டார்க்’ கிளாஸை உள்ளிருந்து பார்க்க முடியாது. ஹோஸ்ட்-கான்டெக்ஸ்ட் என்று ஒன்று உண்டு, ஃபயர்ஃபாக்ஸிலும் சஃபாரியிலும் கிடையாது, மறந்துவிடுங்கள். முந்தைய பதிலில் சொன்ன வேரியபிள்களின் மதிப்பை வெளியே மாற்றினால் போதும். எங்கள் வெப் காம்பொனென்ட்களில் ‘டார்க்’ கிளாஸ் ஒன்றுகூட இப்போது இல்லை.

பாப்-ஓவரும் டூல்டிப்பும் தள்ளி நிற்கின்றன.

சுழற்றுவது, அளவு மாற்றுவது, நகர்த்துவது மூன்றும் இப்போது தனித்தனி சிஎஸ்எஸ் பிராப்பர்ட்டி, முன்புபோல் டிரான்ஸ்ஃபார்ம் ஒன்றுக்குள் இல்லை. பொசிஷன் கணக்கிடும் ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரிகள் பலவும் இன்லைனில் டிரான்ஸ்ஃபார்ம் எழுதுகின்றன. முன்பு அது உங்கள் ‘டிரான்ஸ்லேட்’ கிளாஸை அழித்து மேலே உட்காரும், இப்போது இரண்டும் கூடிவிடும், அதனால்தான் நகர்வு. அந்தக் கிளாஸை எடுத்துவிடுங்கள், வெகுநாளாகவே அது எதுவும் செய்யாமல் இருந்திருக்கும். டிரான்சிஷனில் டிரான்ஸ்ஃபார்ம் என்று கையால் எழுதிய இடங்களையும் பாருங்கள், ஸ்கேல் மாறுவதை அனிமேட் செய்ய ‘ஸ்கேல்’ என்றே எழுத வேண்டும்.

லைப்ரரியை இன்ஸ்டால் செய்தேன், ஸ்டைலே வரவில்லை.

4 கிளாஸ்களைத் தானாகவே தேடுகிறது, ஆனால் கிட்-இக்னோரில் உள்ள ஃபோல்டர்களைத் தொடாது, நோட் மாட்யூல்ஸ் அதில்தான் இருக்கும். பயன்படுத்துபவர் தன் சிஎஸ்எஸ்ஸில் @சோர்ஸ் போட்டு உங்கள் பேக்கேஜின் பாதையைக் கொடுக்க வேண்டும். இதை ரீட்மியின் முதல் வரியாக எழுதுங்கள், மூன்றாவது பத்தியில் எழுதினால் யாரும் படிப்பதில்லை.

லைப்ரரியின் சிஎஸ்எஸ் ஃபைல் காரணமே இல்லாமல் பெருத்துவிட்டது.

தானாகத் தேடுவதன் மறுபக்கம். டாக்குமென்டேஷன் ஃபைலில் ‘டேபிள்’, ‘ஹிட்டன்’, ‘ஃபிக்ஸ்ட்’ என்று சாதாரணமாக எழுதியிருந்தாலும் அது கிளாஸ் என்று நினைத்து சிஎஸ்எஸ் உருவாக்கும். லைப்ரரி பில்டில் இம்போர்ட் வரியிலேயே சோர்ஸ் நன் என்று அணைத்துவிட்டு, காம்பொனென்ட் ஃபோல்டரை மட்டும் @சோர்ஸில் கொடுங்கள். மோனோ ரெப்போவில் இது கட்டாயம்.

டெயில்விண்ட்-மெர்ஜை என்ன செய்வது?

ஒன்றோடொன்று மோதும் கிளாஸ்களில் கடைசியானதை மட்டும் வைத்துக்கொள்ளும் சின்ன லைப்ரரி அது. அதன் 3-ஆம் வெர்ஷன் டெயில்விண்ட் 4-க்கு, 2-ஆம் வெர்ஷன் டெயில்விண்ட் 3-க்கு. ஒன்றையொன்று மாற்றிப் போட்டால் எரர் வராது, ஓவர்ரைடு மட்டும் சில இடங்களில் நிற்காது. இரண்டையும் ஒரே கமிட்டில் ஏற்றுங்கள்.

லைப்ரரியின் ‘பிடிஎன்’ (பட்டன்) கிளாஸைத் தங்கள் சிஎஸ்எஸ் விதிக்குள் இழுத்து @அப்ளை செய்தவர்களுக்கு பில்ட் உடைகிறது.

@லேயர் காம்பொனென்ட்ஸுக்குள் எழுதியது இப்போது வெறும் சிஎஸ்எஸ். அதை @அப்ளை செய்யவோ, ‘ஹோவர்’ முன்னால் போட்டுப் பயன்படுத்தவோ முடியாது. @யூட்டிலிட்டியாக எழுதுங்கள். யூட்டிலிட்டிகளை எத்தனை பிராப்பர்ட்டி இருக்கிறது என்று பார்த்து வரிசைப்படுத்துவதால், நிறைய வரி உள்ள ‘பிடிஎன்’னை ஒற்றை வரி ‘பேடிங்’ கிளாஸ் வழக்கம்போல ஓவர்ரைடு செய்யும். வியூ, ஸ்வெல்ட் ஃபைல்களின் ஸ்டைல் பகுதியில் @அப்ளை இருந்தால் மேலே @ரெஃபரன்ஸ் வரி வேண்டும்.

சாஸ் ஃபைல்கள் இருக்கின்றனவே?

சாஸ், லெஸ், ஸ்டைலஸ் எதனோடும் சேர்த்து ஓட்டும்படி 4 வடிவமைக்கப்படவில்லை. சாதாரண சிஎஸ்எஸ்ஸுக்கு மாற்றிவிடுங்கள். நெஸ்டிங் இப்போது பிரவுசரிலேயே வந்துவிட்டது, சாஸை நாம் பெரும்பாலும் அதற்குத்தானே வைத்திருந்தோம்.

அப்ளிகேஷன் இன்னும் 3-இல் இருக்கிறது. புது லைப்ரரியைப் போடலாமா?

ஷேடோ டாம் காம்பொனென்ட் என்றால் போடலாம், உள்ளேயும் வெளியேயும் கிளாஸ்கள் கலக்காது. ரியாக்ட் காம்பொனென்ட் என்றால் வேண்டாம். ‘ரவுண்டட்-எஸ்எம்’ 3-இல் 2 பிக்சல், 4-இல் 4 பிக்சல். ஒரே பெயர், இரண்டு அர்த்தம், அதில் 3-இன் விதிக்கு லேயர் இல்லாததால் எப்போதும் அதுவே வெல்லும். வேறு வழியில்லை என்றால் லைப்ரரிக்கு முன்னொட்டு வையுங்கள். அதுவும் மாறியிருக்கிறது, பழைய ‘டிடபிள்யூ’ ஹைஃபன் ‘ஃப்ளெக்ஸ்’ இப்போது ‘டிடபிள்யூ’ முக்காற்புள்ளி ‘ஃப்ளெக்ஸ்’, வேரியன்ட் எல்லாம் அதற்குப் பிறகுதான் வரும்.

லைப்ரரியின் வெர்ஷன் எண்ணை எப்படி ஏற்றுவது?

மேஜர், அதாவது பழையதோடு ஒத்துப்போகாத மாற்றம் என்று காட்டும் முதல் எண். ஏபிஐயில் ஒரு எழுத்துகூட மாறவில்லையே என்று மைனராக வெளியிட நினைத்தோம். பயன்படுத்துபவர் கிளாஸ்நேமில் எழுதி அனுப்பும் கிளாஸ்களின் அர்த்தமே மாறுகிறது, பிரவுசர் வரம்பு மாறுகிறது, அப்புறம் அது எப்படி மைனர் ஆகும்? பியர் டிபெண்டன்சியில் (பயன்படுத்துபவரிடம் இருக்க வேண்டிய பேக்கேஜ்களின் பட்டியல்) டெயில்விண்ட் 4 என்று கறாராக எழுதுங்கள், 3-ஐயும் 4-ஐயும் சேர்த்து அனுமதித்தால் இரண்டிலும் பாதிதான் வேலை செய்யும். பழைய பிராஞ்சில் பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் தொடரும் என்று சொல்லி, எந்தத் தேதிவரை என்பதையும் அறிவித்துவிடுங்கள். நாங்கள் தேதி சொல்லாமல் விட்டோம், இன்றும் அந்தப் பிராஞ்சுக்கு வாரம் ஒரு கோரிக்கை வந்துகொண்டிருக்கிறது.